ஆல்டர்பி ஹாலின் பத்தாவது மணி

“இல்ல சார், லைப்ரரி அந்தப் பக்கம். நீங்க இப்ப சாப்பாட்டு ஹாலுக்குள்ள நிக்கறீங்க. தரையில சூப்பு சிந்தியிருக்கு, பாத்து வாங்க.”

“மழைத் தண்ணி, வின்னி.”

“இருநூறு வருஷம் சூப்பு குடிச்ச இடம் சார். கொஞ்சமாவது ஊறியிருக்காதா?”

மேடாக்ஸ் திரும்பி லைப்ரரிப் பக்கம் நடந்தார். அவருடைய இடது முழங்கால் காலையிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் போலீஸில் இருந்து சார்ஜென்டாக ஓய்வு பெற்று, இப்போது இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்ட வக்கீல்களுக்காகச் சில்லறை விசாரணைகள் செய்து வருகிறவர் அவர். இந்த நவம்பரோடு அதையும் விட்டுவிடலாம் என்று போன நவம்பரிலும் நினைத்திருந்தார். வின்னி ட்ரான்டர் அவருடைய உதவியாளர். போர்க்காலத்தில் லண்டனில் ஆம்புலன்ஸ் ஓட்டியவள். இப்போது அவருடைய ஓட்டை வேனை ஓட்டுகிறாள், அறிக்கைகளை டைப் அடிக்கிறாள். வாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடக்கி வைத்திருப்பாள்.

இருவரும் நின்றிருந்த இடத்தில் செப்டம்பர் வரை ஆல்டர்பி ஹால் என்ற பெவரல் குடும்பத்து மாளிகை இருந்தது. எண்பத்து நான்கு அறைகள். போரில் ராணுவம் குடியிருந்து பாழாக்கியது பாதி, கூரை ஒழுகி மரம் உளுத்துப்போனது மீதி. கடைசியில் வாரிசு வரி வந்து நின்றபோது, இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். ஓக் மரப் படிக்கட்டு ஒரு ஓட்டலுக்குப் போனது. கூரையின் ஈயத்தை எடைபோட்டு விற்றார்கள். செங்கல் ரோடு போடப் போனது. இப்போது கணுக்கால் உயரத்துக்குச் சுவர்களின் அடி மட்டும் மிஞ்சியிருந்தது. ஈரத் தரையில் யாரோ ஒரு வீட்டின் படத்தை வரைந்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

“மறுபடியும் முதல்லேருந்து படி,” என்றார் மேடாக்ஸ்.

வின்னி நோட்டுப் புத்தகத்தைக் கோட்டுக்குள்ளிருந்து எடுத்து, மழை படாமல் குனிந்து படித்தாள். லைப்ரரி, நீல அறை, சாப்பாட்டு ஹால், சீன அறை, பில்லியர்ட்ஸ் அறை, லேடி பெவரலின் அறை, துப்பாக்கி அறை, பியானோ அறை, காலையுணவு அறை, தோட்ட அறை. அவள் படிக்கப் படிக்க மேடாக்ஸ் நடந்தார். லைப்ரரி கிழக்கு மூலையில். நீல அறை மேற்கு மூலையில். சாப்பாட்டு ஹாலுக்கு மறுபடியும் கிழக்கே வர வேண்டும். சீன அறைக்கு மறுபடியும் மேற்கே. நடுக்கூடம் இருந்த இடத்தை அவர் ஒன்பது முறை குறுக்கே கடந்தார். பத்தாவது அறைக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தது.

“குடிச்சவன்கூட சொந்த வீட்டுல இப்படி நடக்க மாட்டான் சார்,” என்றாள் வின்னி. “அதுவும் எண்பத்து நாலுல பத்துதான் சொல்லியிருக்கான். மிச்ச எழுபத்து நாலையும் யாருக்கு வாடகைக்கு விட்டானாம்?”

அந்த ‘அவன்’தான் விவகாரம். ஆறு வாரத்துக்கு முன்னால், வீட்டின் கடைசிச் சுவரும் விழுந்து பத்து நாள் கழித்து, ஒரு மனிதன் ஆல்டர்பிக்கு வந்து இறங்கினான். முகத்தின் வலது பாதி தீயில் வெந்து சுருங்கியிருந்தது. வலது கையில் மூன்று விரல் இல்லை. தான்தான் ஆப்ரி பெவரல் என்றான். 1941இல் கிரீட் தீவுச் சண்டையில் காணாமல் போனவர் என்று ராணுவம் எழுதி வைத்த அதே ஆப்ரி, வீட்டின் ஒரே மகன். இத்தனை வருடம் கிரேக்க மலைக் கிராமங்களிலும் கப்பல்களிலும் கழிந்தது, இந்த முகத்தோடு ஊர் திரும்ப மனம் வரவில்லை, வீட்டை இடிப்பதாகப் பத்திரிகையில் பார்த்ததும் புறப்பட்டேன் என்றான். எழுபத்தாறு வயது லேடி பெவரல் அவனைக் கட்டிக்கொண்டு உள்ளே அழைத்துப்போனார்.

உள்ளே என்பது பூங்கா வாசலில் இருக்கும் வாயில் வீடு. முன்பு காவல்காரன் குடியிருந்த இரண்டு அறை. பெவரல் சொத்தில் நிற்கிற கட்டடம் இப்போது அது ஒன்றுதான். வந்தவன் ஆப்ரி என்றால் நிலமும் வாயில் வீடும் அவனுக்கு. அம்மா கண்ணை மூடும்வரை அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் எல்லாம் கணவரின் தம்பி மகன் ரோலண்டுக்கு. பூங்காவை அவன் சரளைக்கல் தோண்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டான், கையெழுத்துதான் பாக்கி. மாதக் கடைசியில் வாயில் வீட்டையும் இடித்துவிட்டு, பெரியம்மாவை ஏதோ கடற்கரை ஊரில் மாடியறை ஒன்றில் வைப்பதாக ஏற்பாடு. வந்தவனுக்கோ சிறை. ரோலண்டின் வக்கீல்தான் மேடாக்ஸை அமர்த்தியிருந்தார். அறிக்கை நாளைக் காலை அவர் மேஜையில் இருக்க வேண்டும்.

நேற்று மேடாக்ஸ் அந்த மனிதனை இரண்டு மணி நேரம் விசாரித்தார். சின்ன வயதில் ஏறிய மட்டக்குதிரையின் பெயர், பள்ளி ஆசிரியருக்கு வைத்த பட்டப்பெயர், அத்தை வளர்த்த கிளி பாதிரியாரைத் திட்டிய கதை, எல்லாம் பிசகாமல் வந்தது. கிளம்பும்போது, சும்மா பேச்சுக்காக, அந்த வீட்டில் என்னென்ன அறைகள் இருந்தன என்று கேட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் ஒன்பது சொன்னான். பிறகு நிறுத்தி, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் பத்தாவதைச் சொன்னான். அந்த இடைவெளிக்கு மேடாக்ஸ் நோட்டில் ஒரு புள்ளி வைத்திருந்தார். போலீஸில் இருந்த காலத்துப் பழக்கம்.

வேனில் ஏறி உட்கார்ந்து, வின்னி கொண்டுவந்த ஊறுகாய்ச் சாண்ட்விச்சைப் பிரித்தார்கள். வேனின் கூரையும் ஆல்டர்பி ஹாலின் கூரையைப் போலத்தான், ஒழுகும் இடங்கள் தெரிந்தவர்கள்தான் உட்கார முடியும். ஏல அட்டவணையைப் பார்த்து மனப்பாடம் செய்திருப்பான் என்பது வின்னியின் கட்சி. ஜூலையில் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது அச்சடித்த அட்டவணை பொட்டலத்துக்கு அடியிலேயே இருந்தது. மேடாக்ஸ் புரட்டிப் பார்த்தார். ஏலக்காரர்கள் ஒழுங்கானவர்கள். முன்வாசலில் ஆரம்பித்து, அறை அறையாக, நடக்கிற வழியிலேயே எழுதியிருந்தார்கள். வரிசை பொருந்தவில்லை.

“அகர வரிசை இல்ல, அளவு வரிசை இல்ல, நடக்கிற வரிசை இல்ல,” என்றாள் வின்னி. “சுமாரான மூளைக்குத் தோணறது தோணிடுச்சு. இனி உங்க முறை சார்.”

மேடாக்ஸ் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். அவர் ஒரே ஒரு முறை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். 1934, ஜூன் மாத விருந்து. இளம் போலீஸ்காரராகக் கார்களைக் காவல் காக்க அனுப்பியிருந்தார்கள். நூற்றுக்கும் மேல் கார்கள். எல்லா ஜன்னலிலும் விளக்கு. வீடு முழுவதும் நங்கூரத்தை எடுத்துவிட்டுப் புறப்படப் போகும் கப்பல்போலத் தெரிந்தது. அவரை முன்வாசல் பக்கம் விடவில்லை. பின்பக்கம் ஒரு நீண்ட நடைவழியில் நிறுத்தி, தட்டில் ஆறிப்போன இறைச்சிப் பணியாரம் கொடுத்தார்கள். அதை நின்றபடியே தின்றார். தலைக்கு மேலே ஓயாமல் ஏதோ கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

அவர் அட்டவணையின் கடைசிப் பக்கங்களுக்குத் தாவினார். பாத்திரங்கள், வாளிகள், இஸ்திரி மேஜைகள். அதற்குக் கீழே ஒரு வரி: வேலைக்காரர் நடைவழி, பலகையில் பொருத்திய அழைப்பு மணிகள், பதினொன்று. வாங்கியவர் பெயர் ஓரத்தில் பென்சிலில் இருந்தது. ‘வெள்ளை மான்’ மதுக்கடை, நோக்ஸ்.

“ஒரு வீட்டுல எல்லா அறையும் ஒரே வரிசையில நிக்கிற இடம் ஒண்ணு உண்டு, வின்னி,” என்றார். “வண்டியை எடு.”

வெள்ளை மானில் மதிய வியாபாரம் முடிந்து, நோக்ஸ் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணிப் பலகை மதுமேடைக்கு மேலேயே தொங்கியது. சுருள்வில்லில் மாட்டிய பதினொரு பித்தளை மணிகள். மாளிகையில் ஓர் அறையின் கயிற்றை இழுத்தால் வேலைக்காரர் பக்கம் அந்த அறையின் மணி ஆடும், எந்த அறை என்று மணிக்குக் கீழே எழுதியிருக்கும். ஆனால் பலகையை அவர் பச்சை அடித்துவிட்டிருந்தார். ஒவ்வொரு மணிக்குக் கீழும் தினமும் வந்து குடிக்கிற ஆட்களின் பெயர்களைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். யாராவது கடன் சொன்னால் அவர் பெயருக்கு மேலுள்ள மணியை ஆட்டுவாராம். ஊரே சிரிக்குமாம்.

வின்னி ஒரு ஈரத் துணியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். நோக்ஸுக்குக் கோபம் வந்தது. பச்சை அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது என்றார். அது மலிவான தண்ணீர்ப் பெயின்ட் என்பதை முதல் தேய்ப்பிலேயே வின்னி கண்டுகொண்டாள். அடியிலிருந்த பழைய எண்ணெய்ப் பெயின்ட் அசையவே இல்லை.

“முதல் மணிக்காரர் டெட் ஒழிஞ்சார்,” என்றாள். “அடியில, லைப்ரரி.”

மேடாக்ஸ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கிளாஸ் பீர் வாங்கினார். கிளாரன்ஸுக்கு அடியில் நீல அறை. பெரிய ஜோவுக்கு அடியில் சாப்பாட்டு ஹால். சின்ன ஜோவுக்கு அடியில் சீன அறை. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. ஒன்றுகூடத் தவறவில்லை. வின்னியின் கிண்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, எட்டாவதில் நின்றேபோனது. ஒன்பதாவது காலையுணவு அறை.

பத்தாவதை அவள் மெதுவாகத் தேய்த்தாள். பிறகு அவருக்குத் தெரியட்டும் என்று சற்று விலகி நின்றாள். வெள்ளை எழுத்தில் ‘மாஸ்டர் ஆப்ரி’ என்றிருந்தது.

“புள்ளி,” என்றாள்.

“ஆமா. தன் அறையை மாஸ்டர் ஆப்ரின்னு, வேலைக்காரங்க சின்ன எஜமானைக் கூப்பிடற மாதிரி, யாரும் சொல்ல மாட்டாங்க. வாய்வரைக்கும் வந்ததைத் தேநீரோட சேத்து முழுங்கிட்டான்.”

பதினொன்றாவது தோட்ட அறை. அதைத் தேய்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் வின்னி தேய்த்தாள்.

நோக்ஸுக்குக் கோபம் ஆறி ஆர்வம் வந்திருந்தது. போருக்கு முன்னால் பீர்ப் பீப்பாய்களை அந்த வீட்டின் பின்வாசலில் இறக்கியவர் அவர். மணிகளுக்கு எதிரே ஒரு பெஞ்ச் இருக்கும், இந்தப் பலகை இரண்டாவது பணியாளின் பொறுப்பு, மாடி மணிகளுக்கு வேறு பலகை, வேறு ஆள் என்றார். பெயர் நினைவிருக்கிறதா என்று மேடாக்ஸ் கேட்டார்.

“ஃப்ரெடரிக். அந்த வேலைக்கு யார் வந்தாலும் ஃப்ரெடரிக்தான். சொந்தப் பேரை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வரணும். கடைசியா இருந்தவனோட நிஜப் பேரு சிட்னி மார்ல். நல்ல பையன். மாஸ்டர் ஆப்ரி பட்டாளத்துக்குப் போனப்ப, அவருக்கு எடுபிடியா கூடவே போனான். ரெண்டு பேரும் திரும்பல.”

திரும்பி வரும் வழியில் வின்னி வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினாள். வழக்கு முடிந்துவிட்டது, அறிக்கையைப் பத்து வரியில் அடித்துவிடலாம் என்று ஒரு முறை சொன்னாள். மேடாக்ஸ் தலையசைத்தார். வெற்றி கிடைத்த நாட்களில் அவருக்குப் பசிக்கும். இன்று தூக்கம்தான் வந்தது. வக்கீலிடம் போகும் முன் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், நாளைக்குப் போலீஸ் வாயிலாகத் தெரிவதைவிட அது நல்லது என்று நினைத்தார்.

வாயில் வீட்டுக்குள் நுழைய உடம்பைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. பத்தடி உயர அலமாரி ஒன்றின் மேல் பாதியை அறுத்தெடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். கண்ணாடிச் சரவிளக்கு ஒரு தகரக் குளியல் தொட்டிக்குள் சுருண்டு கிடந்தது. மாளிகையின் பட்டுத் திரையை நான்காக வெட்டிச் சின்ன ஜன்னலுக்கு மாட்டியிருந்தார்கள். அடுப்பில் எரிந்த கட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன. நடனக்கூடத்துத் தரைக்கட்டைகள். நூறு வருடம் மெழுகு குடித்தவை என்பதால் தேனைப் போல மணத்து எரிந்தன.

லேடி பெவரல் மடியில் பூனையோடு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதன் இடது கையால் தேநீர் ஊற்றினான். வின்னிக்கு ஒரு கோப்பை, மேடாக்ஸுக்கு ஒரு கோப்பை, சத்தமே இல்லாமல்.

மேடாக்ஸ் சுற்றி வளைக்கவில்லை. நோட்டைத் திறந்து பத்து அறைகளையும் படித்தார். பிறகு மணிப் பலகையைப் பற்றிச் சொன்னார். புள்ளி வைத்த இடத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொன்னார். கடைசியாக சிட்னி மார்ல் என்ற பெயரைச் சொன்னார்.

தேநீர்க் கெண்டியோடு நின்றிருந்தவன் அதை மேஜையில் வைத்தான். முதுகு தானாக நிமிர்ந்தது, கைகள் இரண்டும் பின்னால் போயின. ஆறு வாரமாக அவன் எங்கோ ஒளித்து வைத்திருந்த நிற்கும் விதம் அது.

“நானாத்தான் வந்தேன் சார். மேடத்தை ஏமாத்தினேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக்கோங்க.”

“சும்மா இரு சிட்னி, உக்காரு,” என்றார் லேடி பெவரல். அவர் முகத்தில் அதிர்ச்சியும் இல்லை, கோபமும் இல்லை. ஏதோ கணக்கு உதைத்த இடத்தைத் தேடுவதுபோல நெற்றியைச் சுருக்கினார். “என்ன பலகைன்னு சொன்னீங்க, மிஸ்டர் மேடாக்ஸ்?”

மறுபடியும் விளக்கினார்.

“நாற்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டுல இருந்தேன். கயிறை இழுப்பேன், யாராவது வருவாங்க. அந்தக் கயிறோட மறு முனை எங்க போகுதுன்னு ஒரு நாளும் போய்ப் பாத்ததில்ல.” அவர் பூனையைத் தரையில் இறக்கினார். “குதிரை பேரு, வாத்தியார் பேரு, கிளி, எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ராப்பகலா. ஒண்ணுலயாவது தப்பு பண்ணினானா?”

“இல்லீங்க.”

“வீட்டைப் பத்தி மட்டும் நான் சொல்லிக் குடுக்கல. அவனுக்குத்தான் தெரியுமேன்னு விட்டுட்டேன்.”

வின்னியின் கோப்பை தட்டில் மோதிச் சத்தம் போட்டது. ஆக அவரே வரவழைத்தாரா என்று கேட்டாள். அவள் கேட்ட தொனியில் கிண்டல் ஒன்றும் இல்லை. கடிதம் போட்டு மூன்று முறை அழைத்ததாகவும், மூன்று முறையும் அவன் மறுத்ததாகவும் லேடி பெவரல் சொன்னார். நான்காவது கடிதத்தில் வீட்டைப் பற்றி எழுதவில்லையாம். படுக்கையறை ஜன்னலிலிருந்து முதல் புகைபோக்கி விழுந்ததைப் பார்த்தேன், அன்றைக்கு என்னோடு நிற்க யாருமில்லை என்று மட்டும் எழுதினாராம். அவன் வந்துவிட்டான்.

முகவரி எப்படித் தெரிந்தது என்று மேடாக்ஸ் கேட்டார். கேட்டபிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

லேடி பெவரல் எழுந்து, வெட்டிய அலமாரியின் இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். மடிப்புகளில் தேய்ந்து துணிபோல ஆகியிருந்தது. 1945இல், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சிட்னி எழுதியது. இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டு எழுதிய முதல் கடிதம். ஒன்பது பக்கம். ஆப்ரி எந்தக் குன்றில், எந்த நேரத்தில், என்ன பேசிக்கொண்டே உயிரை விட்டான் என்பது முழுவதும் அதில் இருந்தது. வேறு யாரும் உயிரோடு திரும்பாததால் அந்த விவரம் வேறு எங்கும் இல்லை.

“என் கணவர்கிட்ட நான் இதைக் காட்டல. காணாமப் போனவன்னு நெனச்சுக்கிட்டே அவர் நாலு வருஷம் இருந்தாரு. அதைப் பிடுங்க மனசு வரல. பட்டாளத்துக்கும் சொல்லல. அவர் போனப்புறம் சொல்றதுக்கு யாரும் இல்ல.”

சிட்னி மார்ல் உட்காரவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் அப்பவே சொன்னேன் மேடம், இதை வச்சுக்காதீங்கன்னு.”

“உங்க மணியை ரோலண்டோட வக்கீல் கோர்ட்டுல கொண்டுவந்து ஆட்டிக் காட்டட்டும்,” என்றார் லேடி பெவரல் மேடாக்ஸிடம். “அறைகளை வரிசை மாத்திச் சொன்னான்னு யாரையும் ஜெயில்ல போட மாட்டாங்க. சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. ஆனா இது கிடைச்சா யாரும் சிரிக்க மாட்டாங்க. இவன் ஜெயிலுக்கு. இந்த ரெண்டு அறை லாரிக்கு.”

அவர் உறையை நீட்டினார். மேடாக்ஸ் வாங்கினார். அது எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. சட்டைப் பைக்கும் அடுப்புக்கும் அவர் கை ஒரே தூரத்தில் இருந்தது. வின்னி எதையாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு தடவை அடுப்பு வரைக்கும் கொண்டுபோயிட்டேன்,” என்றார் லேடி பெவரல். “ஒவ்வொரு தடவையும் திறந்து படிச்சிடறேன். என் பையன் கடைசியா சிரிச்சது இதுல ஆறாவது பக்கத்துல இருக்கு. என் கையால முடியல. சிட்னி அவன் கையால செய்யக் கூடாது. நீங்க என் பையனைப் பாத்ததுகூட இல்ல, மிஸ்டர் மேடாக்ஸ். எனக்காக நீங்க இதை அடுப்புல போடறீங்களா?”